பக்கவாட்டுப் பொத்தான்

கதவு திறந்ததும் முதலில் வந்தது
சாணமும் மழையும் கலந்த வாடை.
அதன் பின்னால் நைரி மெக்கல்லம்.
கம்பூட்ஸை வாசலில் கழற்றிவிட்டு
காலுறையோடு உள்ளே வந்தார்.

பழைய போனை மேசைமேல் வைத்தார்.
வைத்தார் என்பது மரியாதைக்கு.
கொட்டினார்.
"முந்நூற்றுப் பத்தொன்பதாம் நம்பர் மிதித்துவிட்டது.
மாட்டின்மேல் தப்பில்லை."

கோர் நகரத்தின் ஒரே போன் கடை.
ஒன்பது மாதமாய் நான் இங்கே.
மெகாபிக்சல், நினைவகம், திரையின் பிரகாசம் என்று
மனப்பாடம் செய்ததை ஆரம்பித்தேன்.
மூன்றாவது வாக்கியத்தில் கை உயர்ந்தது.
"வாளி இருக்கிறதா?"

இருந்தது, கூரை ஒழுகும் இடத்தில்.
மேலாளர் சாப்பிடப் போயிருந்தார்.

முதல் போன் தண்ணீருக்குள் போய் வந்தது,
பிறகு கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் பேசியது.
இரண்டாவது அவர் பிடியிலிருந்து
மதாவுரா ஆற்று டிரவுட் மீனாய் நழுவி
தரையில் இரண்டு முறை குதித்தது.
உடையவில்லை.
ஆனாலும் அவர் தலையசைத்தார்:
"சேற்றில் விழுந்தால் எங்கே தேடுவேன்? கறுப்பு."

மூன்றாவது செங்கல்லுக்குத் தங்கை.
ஓரமெல்லாம் ரப்பர், முதுகு மஞ்சள்.
பால் கறக்கும் கையுறையைப் பையிலிருந்து எடுத்து
வாளியில் நனைத்து மாட்டிக்கொண்டு
திரையைத் தொட்டார். திறந்தது.
ஒன்றும் சொல்லவில்லை,
காதருகே கொண்டுபோய் ஒருமுறை குலுக்கிப் பார்த்தார்,
தேங்காயைப் பார்ப்பதுபோல.

"விரலை வையுங்கள், ரேகையைப் பதிந்துகொள்ளலாம்."
வைத்தார்.
மீண்டும் முயலவும், என்றது போன்.
மீண்டும் முயலவும்.
ஆள்காட்டி, நடுவிரல், இடக்கை, எல்லாவற்றுக்கும்
அதே பதில்.
"அயோடின், குளிர், முள்கம்பி," என்றார்
வானிலை அறிக்கை வாசிப்பதுபோல்.
"முப்பது வருஷம். ரேகையெல்லாம் பாலோடு போயிருக்கும்."
மேசைக்குக் கீழே
என் விரல்களை நான் பார்த்துக்கொண்டேன்.
சுழி சுழியாய், ஒன்றும் தேயாமல்.

அப்புறம்தான் காட்டினேன் அந்தப் பொத்தானை.
பக்கவாட்டில், ஆரஞ்சு நிறம், கட்டைவிரல் நகமளவு.
கையுறையோடும் அழுத்தலாம்.
ஐந்து விநாடி பிடித்தால்
ஒரே ஓர் எண்ணுக்குப் போகும்.
சோதித்துக் காட்ட என் எண்ணைப் போட்டேன்.
அவர் அழுத்தினார். என் சட்டைப்பை அலறியது.
அன்று அவர் சிரித்தது அப்போதுதான்.

"இனி யாருடைய எண்ணைப் போடட்டும்?"

ஜன்னலில் மழை இறங்குவதைப் பார்த்தார்.
"ஹேமிஷ் எண்ணுக்கு இன்னும் பில் கட்டுகிறேன்.
எடுக்கத்தான் ஆளில்லை."
அட்டையைத் தேய்த்தார்.
"அப்புறம் பார்க்கலாம்.
ஒரு கன்றுக்குட்டியின் விலை, தெரியுமா உனக்கு, இது?"

ஆகஸ்டில், கன்று ஈனும் காலத்தில்,
விடியற்காலை நாலு நாற்பதுக்கு போன் அடித்தது.

ஹலோ என்றேன். இன்னொரு ஹலோ.
மழை.
சேற்றிலிருந்து பூட்ஸ் பிடுங்கும் சத்தம்.
நாய் ஒன்றைப் பெயர் சொல்லாமல் திட்டும் குரல்.
பிறகு தாழ்ந்து, எனக்கில்லாத குரலில்,
"இன்னும் கொஞ்சம், கண்ணே, இன்னும் கொஞ்சம்."
கட்டிலில் எழுந்து உட்கார்ந்தேன்.
பதினோரு நிமிடம்.
ஈரமாய் எதுவோ தரையில் விழுந்தது.
யாரோ மூச்சு விட்டார்கள்,
மாடா அவரா என்று சொல்ல முடியாது.
அதோடு அறுந்தது.

எண்ணை மாற்றச் சொல்லி நான் அழைத்திருக்க வேண்டும்.
கடையின் கையேட்டில் அதற்கும் ஒரு பக்கம் உண்டு.
இரவில் போனை மௌனத்தில் போடுவதை மட்டும் விட்டுவிட்டேன்.

அக்டோபரில் சார்ஜர் வாங்க வந்தார்.
போனின் மஞ்சள் இப்போது சாணப் பச்சை.
எப்படி இருக்கிறது என்றேன்.
"உழைக்கிறது."
பொத்தான்?
"அதற்கு அவசியமே வரவில்லை," என்றார்,
காலுறையில் ஒட்டிய வைக்கோலை எடுத்தபடி.

இருபத்திநாலு டாலர், என்றேன்.